தைக்காவுக்கு நான் எழுதிய சரித்திரம்

கல்முனையில் எங்கள் சந்துக்குள் ஒரு தைக்கா இருந்தது. ஒரேயொரு பொய் சொல்லி அதை இல்லாமல் செய்தவன் நான்.

தென்கரையிலுள்ள ஒரு தாய் ஸாவியாவின், அதாவது சூஃபித் தலைமை மடத்தின், கிளை வீடு அது. அங்கிருந்து தங்கள் பிரதிநிதியாக ஒரு கலீபாவை அனுப்புவார்கள். அவர் அந்த வீட்டிலேயே இருந்து வியாழக்கிழமைகளில் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ராத்திபு என்னும் துதியை ஓதுவிப்பார். வருஷத்துக்கொரு கந்தூரி விருந்து நடக்கும். சம்மாந்துறையிலிருந்து காணி வழக்குக்கு வந்தவர்களும், ஒலுவிலிலிருந்து நோயாளியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் பாய் கேட்டு வாங்கி அங்கே படுத்தெழும்பிப் போவார்கள். எங்கள் காலத்துக் கலீபா மனைவியை இழந்தவர். எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுக்குரியது. மனைவி மௌத்தானதும் அவருடைய ஊர் வீடு மகளுடையதாகிவிட்டது. அவருக்கென்று இருந்தது தைக்காவின் முன்னறை மட்டும்தான். வாய்த்துடுக்கான மனிதர். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவர் அவர்தான்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் தைக்காவின் கூரை பறந்து போனது. அடுத்த வருஷம் புதுக்கூரை போட்டுக் கந்தூரி வைத்தபோது, தைக்காவின் சரித்திரத்தை எழுதி வாசிக்கும்படி என்னிடம் கேட்டார்கள். நான் அப்போது இளம் ஆசிரியன். அந்த வளவுக்கு அடுத்த வீட்டில் மாப்பிள்ளையாக வந்திருந்தவன். தைக்கா வீடும் என் மாமியின் குடும்பத்துச் சொத்தாக இருந்ததுதான். மாமாதான் அதை அல்லாஹ்வுக்கென்று தானமாக எழுதி வக்பு செய்தார் என்று ஊர் முழுக்கச் சொல்லும்.

இரண்டு மாதம் அலைந்தேன். காணிப் பதிவுக் கந்தோரில் உறுதிப் பத்திரத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தபோது திகைப்பாக இருந்தது. வீடு மாமியின் பெயரில் இருந்தது. வக்பு உறுதியில் இருந்ததோ மாமாவின் கையெழுத்து மட்டும். மாமா அப்போது உயிரோடு இல்லை. மாமியிடம் போய்க் கேட்டேன். அவர் பாக்கு வெட்டிக்கொண்டே சிரித்தார்.

"மகன், அவருக்கு ஏது வீடு? என்ட வாப்பா எனக்குத் தந்தது. நான்தான் அல்லாஹ்வுக்கெண்டு குடுத்தன். உறுதி எழுதுற நொத்தாரிசு வந்து முன் விறாந்தையில ஆம்பிளைகளோட இருந்து எழுதினார். பேப்பர ஆரும் குசினிக்குள்ள கொண்டு வரல்ல. நானும் கேக்கல்ல. குடுத்தது குடுத்ததுதானே."

என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியின் வார்த்தையை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டேன். அந்த வீட்டை உண்மையில் கொடுத்தது ஒரு பெண் என்று சபையறியச் சொல்லப்போகிறேன் என்ற பெருமை எனக்கு. பன்னிரண்டு பக்கச் சரித்திரத்தில் அதை ஆறாம் பக்கத்தில் வைத்தேன்.

கந்தூரியன்று சனம் நிரம்பியிருந்தது. ஆறு பேருக்கு ஒரு சகன் தாம்பாளம் என்று வைத்துச் சோற்றை மூடியிருந்தார்கள். நான் இஸ்லாம் இந்தத் தீவுக்கு வந்த கதையிலிருந்து தொடங்கினேன். மூன்றாம் பக்கம் முடியவில்லை. கலீபா தொண்டையைச் செருமினார்.

"மாஸ்டர், நீங்க இன்னும் கப்பல விட்டு இறங்கல்ல. இஞ்ச சோறு ஆறுது. மிச்சத்த மறுமையில கேப்பம். அங்க நேரம் தாராளமாக் கிடக்கு."

பந்தல் குலுங்கச் சிரித்தார்கள். என் மைத்துனர், மனைவியின் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பின்னாலிருந்து ஒருவன், "பிஸ்மில்லா சொல்லுங்க, மாஸ்டர் மஹ்ஷருக்குப் போயிட்டார்!" என்றான். சகன்களின் மூடிகள் திறந்தன. கையில் தாளோடு நான் நின்றேன். உட்காரச் சொல்லவும் ஆளில்லை.

அதற்குப் பிறகு எனக்கு 'மறுமை மாஸ்டர்' என்று பெயர். சந்தையில் மீன்காரன் அப்படித்தான் கூப்பிட்டான். கரும்பலகையில் நான் திரும்பி எழுதும்போது வகுப்புக்குள் யாரோ மெல்லச் சொல்வார்கள். கலீபா வழியில் கண்டால் "எப்பிடி மாஸ்டர், கப்பல் கரைக்கு வந்துட்டா?" என்பார். அவர் மனதில் அது விளையாட்டு. நான் சிரித்துவிட்டுப் போய், வீட்டில் அலுமாரியைத் திறந்து உறுதியின் பிரதியைப் பார்ப்பேன். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் மாமியின் கையெழுத்து இல்லாத இடம் எனக்கு இனித்தது. இதை வேறெந்தச் சொல்லாலும் எழுத முடியவில்லை.

மூன்று வருஷம் காத்திருந்தேன். இடையில் மாமி மௌத்தானார். மனைவியின் தங்கைக்கு மாப்பிள்ளை வந்தது. நல்ல இடம்தான். ஆனால் அவளுக்குச் சீதன வீடு இல்லை. அவள் பிறக்க முன்பே மாமி தன் இரண்டாவது வீட்டை, அதாவது தைக்கா வீட்டை, வக்பு செய்திருந்தார். மைத்துனர் தூக்கமில்லாமல் திரிந்தார்.

ஒருநாள் பின்னேரம் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுப் பிரதியை முன்னால் வைத்தேன். "மச்சான், இதக் கொஞ்சம் பாருங்க. மாமிட கையெழுத்து எங்க?" என்றேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வாப்பா குடுத்ததுதானே?"

"மாமாவுக்கு ஏது வீடு?"

மாமியின் வார்த்தையில் பாதியைத்தான் அவருக்குக் கொடுத்தேன். கொப்பி அலுமாரிக்குள்ளேயே இருந்தது.

விஷயம் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மாரிடம் போனது. கையெழுத்தில்லாவிட்டாலும் மாமி தன் வாயால் கொடுத்ததைக் கேட்டவர் யாராவது இருந்தால் வக்பு செல்லும் என்றார் தலைவர். பழைய சாட்சிகள் எல்லோரும் மௌத்தாகியிருந்தார்கள். கலீபா சபையைச் சுற்றிப் பார்த்து என்னைக் கண்டதும் முகம் தெளிந்தார்.

"மாஸ்டர் இரிக்கார்! சரித்திரம் எழுதக்குள்ள அவட வாயாலயே கேட்டிருப்பார். சொல்லுங்க மாஸ்டர், அவ என்ன சொன்னா?"

ஆறாம் பக்கம் எனக்கு மனப்பாடம். அன்று கந்தூரியில் இன்னும் மூன்று பக்கம் வாசிக்க விட்டிருந்தால், அந்தப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் இன்று அவருக்குச் சாட்சி. அந்த எண்ணம் வந்ததும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது.

"கிணறு வெட்டினது, கூரை போட்டது பத்திக் கதைச்சா. குடுத்தது பத்தி ஒண்டும் சொல்லல்ல," என்றேன்.

"ஒண்டுமே சொல்லல்லயா?"

"இல்ல."

தைக்காவைக் காலி செய்ய ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "உம்மா சொன்னாவே. நானும் நிண்டேனே. ஏன் இப்பிடிச் செஞ்சீங்க?"

"உன்ட தங்கச்சிக்கு வீடு வேணாமா?" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். அவளையும் என் பொய்க்குள் இழுத்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போவதற்கு முதல்நாள் கலீபா என் வாசலுக்கு வந்தார். உட்காரவில்லை.

"மாஸ்டர், அந்தச் சரித்திரத்த எனக்குத் தாங்க. இப்பிடி ஒரு வீடு இருந்திச்சி எண்டு தாய் ஸாவியாவில வைக்கணும். அண்டைக்கு முழுக்கக் கேட்டிருக்கணும் நான். சோறு ஆறினா ஆறட்டும் எண்டு விட்டிருக்கணும். வாய் சும்மா கிடக்காது எனக்கு. மனசில வெக்காதீங்க."

நான் மூன்று வருஷமாகக் கேட்க ஏங்கிய வார்த்தை அது. கேட்ட பிறகும் என் மனம் இளகவில்லை. "கறையான் திண்டுட்டு," என்றேன். அவர் தலையாட்டினார். காலையில் கந்தூரிக் கொடியையும் இரண்டு சகன்களையும் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அடுத்த கந்தூரிக் காலம் வருமுன் மௌத்தானார் என்று கேள்விப்பட்டேன். தாய் ஸாவியா வேறு யாரையும் எங்கள் ஊருக்கு அனுப்பவில்லை. ராத்திபு ஓதியவர்கள் கொஞ்சக் காலம் இன்னொரு வீட்டில் கூடினார்கள், பிறகு நின்றுவிட்டது. மைத்துனர் முன்னறைச் சுவரை இடித்து விறாந்தையை அகலமாக்கித் தங்கையின் கலியாணத்தை அங்கேயே நடத்தினார். நான் முதல் சகனில் இருந்து சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

மனைவி மௌத்தான பிறகுதான் இது என்னைத் தின்னத் தொடங்கியது. போன வருஷம் கொப்பியை எடுத்துக்கொண்டு அவளுடைய தங்கையிடம் போனேன். இப்போது அவளும் வயதானவள். அந்த வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு அவளோடு அங்கேயே இருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆறாம் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். தாயின் வார்த்தை வந்த இடத்தில் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு கேட்டாள்: "மச்சான், பறிச்செடுத்த வீடெண்டு தெரியாம நாப்பது வருஷமா இஞ்ச தொழுது வாறன். இப்ப நான் எங்க போய்த் தொழ?"

கொப்பியை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "உங்கட பாரத்த என்ட தலையில இறக்கிட்டுப் போகவா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு மகள் இருக்கும் அறைப் பக்கம் பார்த்தாள். மகள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

அதனால்தான் இதில் ஒருவருடைய பெயரும் இல்லை. நான் செய்ததற்கு வருந்துகிறேன். அந்தப் பந்தல் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் முகம் சூடேறுகிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தங்கையின் மகளான அந்தப் பிள்ளை எனக்கு எந்தத் தீங்கும் செய்யாதவள். அன்று அவளுடைய தாய் கதவைச் சாத்தும் வரை வாசலில் நின்றுவிட்டு, கொப்பியோடு திரும்பி வந்தேன்.