வாயில வெரல்

“வாயில வெரல்!”

விஜயலெட்சுமி ஓர் அதட்டுப் போட்டதும் லயத்து வரிசை வீடுகளின் முற்றத்தில் நிற்கிற அத்தனை பேரும் சுட்டுவிரலைத் தூக்கி உதட்டில் வைத்துக்கொள்கிறார்கள். மீசைக்காரர்கள் வைத்துக்கொள்கிறார்கள், மருமகன் எடுத்தவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த இராக்கம்மாவின் கையில் அப்போதுதான் மடித்த வெற்றிலை இருந்ததால், அவர் வெற்றிலையோடு சேர்த்தே விரலை வைத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் கஜேந்திரன் வீடியோ கமெராவின் பொத்தானை அமுக்குவார். மற்ற ஊர்ப் படப்பிடிப்புகளில் எப்படியோ, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் குறும்படம் இப்படித்தான் தொடங்குகிறது.

விஜயலெட்சுமிக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால்மாவைக் கரைத்துக் கொடுப்பது, மூக்கைத் துடைப்பது, சண்டை விலக்குவது, தூங்க வைப்பது எல்லாம் அவர் பாடு. தோட்டத்து இளவட்டங்களில் பாதிப் பேர் அவர் தொட்டிலில் கிடந்தவர்கள். அதனால்தானோ என்னவோ, அவர் ‘வாயில வெரல்’ என்றால் யோசிப்பதற்கு முன்னால் கை எழும்பிவிடுகிறது.

தொழில் அவர் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. வெறுங்கையோடு நின்றாலும் இடுப்பு ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருக்கும். கஜேந்திரன் கமெராப் பையைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தால் அதைத் தோளில் சாய்த்து முதுகில் தட்டிக்கொடுப்பார். நடிக்க வந்தவர்கள் முகம் சுண்டியிருந்தால் காரணம் கேட்க மாட்டார், நேரே சோற்றைப் போட்டுவிடுவார். “வவுத்துக்குப் போடாம நடிப்பு எங்கேருந்துடா வரும்?” என்பது அவர் கட்சி.

ஒன்றே ஒன்றுதான் குறை. வாயில் விரல் வைக்கும் சட்டம் ஊருக்கெல்லாம் உண்டு, அவருக்குக் கிடையாது. கமெரா ஓடும்போதும் பேசிக்கொண்டே இருப்பார். காட்சியில் உள்ளவர்களுக்கு யோசனை சொல்வார், மழை வருமா என்று கேட்பார், அடுப்பில் வைத்த பருப்பை நினைத்துக் கவலைப்படுவார். அவர்களுடைய முதல் படத்தில் ஒரு சோகக் கட்டம். கதாநாயகி கண்ணீர் விடும்போது பின்னால் தெளிவாக ஒரு குரல் கேட்கும்: “சீலை காத்துல பறக்குது பாரு, இழுத்துச் சொருகு!” பதுளையில் படம் பார்த்த சனம் அந்த இடத்தில் கைதட்டிச் சிரித்தது. விஜயலெட்சுமி அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அந்தப் படம் போனது, பதுளையில் ஓர் இளைஞர் படக் கழகம் வருடந்தோறும் நடத்தும் குறும்படப் போட்டிக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் விஷயம் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முழுப் படத்தையும் இறுவட்டில் போட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும். கதை கட்டுவது, நடிப்பது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தலுக்கே அதைவிட அதிக நேரம் கொடுப்பார்கள் என்று கஜேந்திரன் முணுமுணுப்பார். அவர் கல்யாண வீடியோக்காரர். தாலி கட்டுகிற நிமிஷம் எங்கே தவறிவிடுமோ என்ற பயத்தில் கமெராவை லேசில் அணைக்க மாட்டார். “நிப்பாட்டினா அப்பத்தான் என்னமாச்சும் நடக்கும்” என்பார். அவர் எடுத்துக் குவிப்பதையெல்லாம் பஜாரில் உள்ள ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்யும் ஜெனீரா வெட்டி ஒட்டிப் படமாக்குவார். கதாநாயகன் ரெங்கசாமி. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பத் தோட்டத்தில் தப்பு அடிப்பவர் அவர்தான். பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்தால்தானே அன்றைய வேலை, அதனால் ரெங்கசாமியின் தப்புச் சத்தத்துக்கு எழும்பாத வீட்டுக் காம்பரா கிடையாது.

போட்டியில் ஒரு நிபந்தனை உண்டு. கழகம் சொல்லும் ஏதோ ஒன்று படத்தில் கட்டாயம் வர வேண்டும், வராவிட்டால் படத்தைத் திரையிட மாட்டார்கள். முதல் வருடம் ‘ஒரு குடை’ என்றார்கள். அடுத்த வருடம் விஷயத்தைக் கேட்டு வர விஜயலெட்சுமிதான் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனார். கழகத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா மாஸ்டர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், மேடையேறிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அறிவித்தார்.

“இந்த முறை படத்தில ஒரு தப்பு இருக்க வேணும்.”

விஜயலெட்சுமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோலும் சட்டமுமாக ரெங்கசாமி வீட்டு ஆணியில் தொங்குகிற சாமான்! பக்கத்தில் பண்டாரவளைக் குழுப் பையன்கள் கன்னத்தில் கைவைத்து யோசிப்பதைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. குனிந்து ஒருவனிடம் சொன்னார்: “தப்பு கெடைக்கலைன்னா எங்ககிட்ட வாங்க தம்பி. ஸ்பிரிங்வெளியில நல்ல தப்பா இருக்கு, தாரோம்.” அந்தப் பையன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

பஸ் மலையேறி முடிப்பதற்குள் கதை ரெடி. ஒரு நாள் விடியற்காலையில் தப்பைக் காணோம். தப்பு இல்லை, சத்தம் இல்லை, லயம் முழுக்கத் தூங்குகிறது. பெரட்டுக் களத்தில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை தன்னந்தனியாக நின்று கத்துகிறார். கணக்கப்பிள்ளை வேஷத்துக்கு இராக்கம்மா தானாகவே முன்வந்தார். நிஜக் கணக்கப்பிள்ளையிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்செல்லாம் தனக்கு மனப்பாடம், ஒரு வரி எழுதித் தர வேண்டாம் என்றார். தொப்பியும் கோட்டுமாகக் களத்தில் நின்று அவர் விட்ட சத்தத்தில், வீட்டுக்குள் இருந்த இரண்டு பேர் நிஜமாகவே கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள்.

முடிவில்தான் சிக்கல். தப்பை எடுத்தது யார்?

“நீங்கதாண்ணே. ஒரு நாளைக்காவது தூங்கணும்னு நீங்களே ஒளிச்சு வச்சிடுறீங்க” என்றார் விஜயலெட்சுமி.

ரெங்கசாமி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். “நடிப்புக்குன்னாலும் அது மட்டும் ஏலாது தங்கச்சி. நாளைக்கு என் மொகத்துல எவன் முழிப்பான்? தப்பத் தலைக்கு வச்சுப் படுக்கச் சொல்லு, படுக்கிறேன். களவெல்லாம் நமக்கு வேணாம்.”

முடிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சனிக்கிழமை பின்னேரம் தூங்கும் காட்சியை எடுக்கத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் மலையிலிருந்து இறங்குகிற பனிமூட்டம் விடியற்காலை போலவே இருக்கும். லயத்து ஆட்கள் வரிசையாக இஸ்தோப்புத் திண்ணையில் பாய் போட்டுப் படுத்தார்கள். வர மாட்டோம் என்றவர்களை எல்லாம் விஜயலெட்சுமி ஒரே வாக்குக் கொடுத்து இழுத்து வந்திருந்தார்: “டவுன்ல பெரிய திரையில ஒங்க மொகம் வரும். நான் காட்டுறேன். காட்டலைன்னா என்னையக் கேளுங்க.”

ஆனால் அவர் ஒரு காரியம் செய்துவிட்டார். நடிக்க வந்தவர்களுக்கு முதலில் வயிறு நிறையச் சோறு போட்டார். பருப்பும் கருவாட்டுக் குழம்பும். காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்தெடுத்த உடம்புகள் அவை. கஜேந்திரன் கமெராவைத் தூக்குவதற்குள் நடிப்பு என்ற பேச்சே இல்லாமல் போய்விட்டது. லயம் முழுக்கக் குறட்டை. கணக்கப்பிள்ளைக் கோட்டைக் கழற்றாமலே இராக்கம்மாவும் ஒரு மூலையில் சரிந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனீராவின் கடையில் அந்த நாடாவை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ரெங்கசாமி தப்பின் விளிம்பில் தலையை வைத்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். திடீரென்று காட்சிக்குள் ஒரு பெண் நுழைகிறார். மெல்லக் குனிந்து, ஒரு கையால் ரெங்கசாமியின் தலையைத் தாங்கி, மறு கையால் தப்பை உருவி எடுக்கிறார். மடித்த கம்பளி ஒன்றை அந்த இடத்தில் வைத்துத் தலையைப் பூப்போல இறக்குகிறார். தப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பியவர் கமெராவைப் பார்க்கிறார். ஆட்கள் தூங்குகிறார்கள் என்று கஜேந்திரனுக்குச் சைகை காட்டுவதற்காக விரலைத் தூக்கி உதட்டில் வைக்கிறார். கழுத்து வலிக்குமே என்று தொட்டில் பிள்ளைக்குச் செய்வதை ரெங்கசாமிக்கும் செய்திருக்கிறார், அவ்வளவுதான். கமெரா ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

“ஐயையோ, அத வெட்டிரு புள்ள! தலைகூட வாரல” என்று விஜயலெட்சுமி முகத்தை மூடிக்கொண்டார்.

“வெட்ட ஏலா அக்கா” என்றார் ஜெனீரா. “இதுதான் முடிவு. தப்பைக் களவெடுத்தது நீங்கதான். இன்னொண்டும் செல்றேன். மூணு மணித்தியால வீடியோவில உங்கட சத்தம் இல்லாத துண்டு இது மட்டுந்தான்.”

நேரத்துக்குள் படத்தைக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதுளை மண்டபத்தில் திரையிடல். தோட்டத்து லொறியில் நெருக்கியடித்துக்கொண்டு லயமே இறங்கியது. தீபாவளிச் சேலைகள், எண்ணெய் வைத்துச் சீவிய தலைகள். இராக்கம்மா முதல் வரிசையில் இடம்பிடித்து, நடிகை என்ற முறையில் வெற்றிலையைத் துப்பிவிட்டே உள்ளே வந்திருந்தார். முதலில் பண்டாரவளைக் குழுவின் படம் ஓடியது. ஒரு பையன் பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொள்கிற கதை. விஜயலெட்சுமி கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினார். தப்பு வரவே இல்லை. பாவம், கடைசிவரை கிடைக்கவில்லைபோல என்று நினைத்தார்.

அப்போதுதான் ஸ்ரீஸ்கந்தராஜா மாஸ்டர் அவரை மேடை ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

“பிள்ளை, உங்கட படம் நல்ல வடிவாத்தான் இருக்கு. ஆனா நாங்கள் கேட்ட விஷயம் அதில இல்லையே. திரையில போட ஏலாது. விதி எண்டால் எல்லாருக்கும் விதிதான்.”

“இருக்குங்களே சார்! படம் பூராவும் தப்பத்தான தேடுறோம்? ரெங்கசாமியண்ணே தலைக்கு அடியில இருந்துச்சே, பாக்கலீங்களா?”

“அது மேளம், பிள்ளை. நான் சொன்னது தப்பு. தப்பு எண்டால் பிழை, தவறு.”

பண்டாரவளைப் பையன் ஏன் தள்ளி உட்கார்ந்தான் என்பது அந்த நொடியில்தான் விஜயலெட்சுமிக்கு விளங்கியது. விஷயத்தைக் கேட்டு வந்தது அவர், கதை கட்டியது அவர், இத்தனை பேரை வாக்குக் கொடுத்துக் கூட்டி வந்ததும் அவர். திரும்பிப் பார்த்தார். தன் முகம் இதோ வரப்போகிறது, அதோ வரப்போகிறது என்று வெள்ளைத் திரையைப் பார்த்தபடி ஒரு லயமே உட்கார்ந்திருந்தது. எல்லோரையும் அப்படியே லொறியில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோவதை நினைக்கவே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“பிழைன்னே சொல்லியிருக்கக் கூடாதுங்களா சார்?”

“பிழை எண்டால் மலைநாட்டுப் பிள்ளையளுக்கு விளங்காதோ எண்டு யோசிச்சுத்தான் தப்பு எண்டு போட்டனான்” என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

விஜயலெட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைக் காம்பராவில் தினமும் வழக்குத் தீர்க்கிறவர் அல்லவா, அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவாரா?

“சரிங்க சார். ஒன்னு கேக்குறேன். தூங்குற மனுசன் தலைக்கு அடியில இருக்குறத உருவி எடுத்துட்டுப் போறது சரிங்களா, தப்புங்களா?”

“தப்புத்தான், பிள்ளை” என்றார் மாஸ்டர்.

“அதுல ஒரு நாள் பெரட்டே நின்னு போச்சு. கணக்கப்பிள்ளை தொண்டை கட்டிப்போச்சு. அவ்வளவும் யாரால? என்னால. அது தப்பு இல்லீங்களா சார்? அதுவும் நான் தப்பு செய்யிறேன்னு எனக்கே தெரியாமச் செஞ்ச தப்புங்க.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரிக்கப் பார்த்து முடியாமல், கடைசியில் நடுவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சிரித்துவிட்டார். “போடுங்கோ, போடுங்கோ. இதில ரெண்டு தப்பு இருக்கு. என்ரையோட சேத்தால் மூண்டு.”

பரிசு அன்றைக்குப் பண்டாரவளைக்குப் போனது. திரும்பிப் போகும்போது லொறியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, பேச்செல்லாம் திரையில் வந்த முகங்களைப் பற்றித்தான்.

அதெல்லாம் பிறகு. விளக்கு அணைந்து ஸ்பிரிங்வெளிப் படம் தொடங்கியதும் மண்டபம் சந்தைக்கடையாகிவிட்டது. “அந்தா நானு!” “என் வாயைப் பாரேன், ஈ போகுது!” “கோட்டுப் போட்ட கணக்கப்பிள்ளைக்கு மூக்குத்தியப் பாருடி!” ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கூச்சல். எல்லாரையும்விட அதிகமாகப் பேசியது விஜயலெட்சுமிதான். ஜெனீராவின் தோளைப் பிடித்து உலுக்கி, வரப்போகிற ஒவ்வொன்றையும் வருவதற்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

திரையில் அந்தப் பெண் குனிந்தார். தப்பை உருவினார். கம்பளியை வைத்தார். திரும்பி, மண்டபம் முழுவதையும் ஒரு முறை பார்த்து, விரலைத் தூக்கி உதட்டில் வைத்தார்.

ஸ்பிரிங்வெளிச் சனம் யோசிக்கவில்லை. வரிசை வரிசையாகக் கைகள் எழும்பி உதடுகளில் அமர்ந்தன. கூச்சல் பட்டென்று நின்றது. ஜெனீராவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்த விஜயலெட்சுமி திரையை நிமிர்ந்து பார்த்தார். திறந்த வாயை மூடி, தன் சுட்டுவிரலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டார்.