எனக்கு மட்டும் ஒரு லைஃப்

போன மாதம் குன்னூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய காலத்து வீடியோ கேம் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வாங்கி டிவியில் மாட்டியிருந்தான். தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "இந்த பிளேன் கேமை எங்க லைன்லயே மொதல்ல முடிச்சது அப்பாதான், தெரியுமா?" என்று அளந்துகொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் முடித்தது நான். இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

வெலிங்டன் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் எங்கள் வீட்டில் மட்டும்தான் வீடியோ கேம். அப்பா எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் வாங்கிக் கொடுத்தார். அதை யார் கேட்டது? அண்ணனும் பக்கத்து வீட்டுப் பையன்கள் மூன்று பேரும் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்று லைஃப், எனக்கு மட்டும் ஒன்று. "பொட்டப்புள்ளைக்கு ஒண்ணு போதும், சும்மா செத்துச் செத்து டைம் வீணாகும்" என்பான் அண்ணன். ஒரே ஒரு லைஃப்பில் ஆடிப் பார்த்தால் தெரியும் கஷ்டம். விமானம் கிளம்பி இரண்டு பாலம் தாண்டுவதற்குள் ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

மழைக்காலத்தில் கேம் கேசட்டுக்குள்ளேயே ஈரம் ஏறிவிடும். டிவியில் கோடு கோடாகத்தான் தெரியும். அம்மா துணி காய்வதற்காக, கரி போட்ட கணப்புச் சட்டிமேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதில் ஸ்வெட்டரும் பாவாடையும் விரித்திருப்பார். அந்தத் துணிகளுக்கு நடுவே கேசட்டையும் ஐந்து நிமிடம் வைத்தெடுத்தால் ஓடும்.

ஒரு நாள் மழைக்கு லீவு விட்டிருந்தார்கள். ரோட்டில் மரம் விழுந்துவிட்டதென்று பையன்கள் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். நான் கேசட்டைச் சூடு காட்டிப் போட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மூன்று லைஃப்போடு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் அம்மா துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு லைஃப் போய்விட்டது. மூன்றாவதில் கடைசிக் கப்பலை மூழ்கடித்தேன். திரை முழுக்க வாணவேடிக்கை, புது மியூசிக், அதுவரை நாங்கள் யாரும் பார்த்திராத எழுத்துகள். மழையில் நனைந்துகொண்டே ஓடிப்போய்ப் பையன்களை இழுத்து வந்தேன். அதற்குள் ஆட்டம் பழையபடி முதல் திரைக்கு வந்துவிட்டது.

"புளுகாத. ஆடிக் காட்டு" என்றான் அண்ணன். கேசட்டை உருவி மறுபடி செருகினான். கோடுதான் வந்தது. சூடு காட்டுகிறேன் பேர்வழி என்று, கூடைக்கு மேலே வைக்காமல் அடியில் கரிக்குப் பக்கத்திலேயே தள்ளிவிட்டான். எடுத்தபோது ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. இனி எதை ஆடிக் காட்டுவது?

அம்மாவிடம் திரும்பினேன். "நீங்க பாத்தீங்கதானம்மா? சொல்லுங்க."

"நான் எங்க கண்ணு பாத்தேன்? துணி கருகிரும்னு அதையில்ல பாத்துட்டு இருந்தேன்."

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வருடம் அப்பா கோயமுத்தூரிலிருந்து அதே கேமை மறுபடி வாங்கி வந்தார். அண்ணன் முடித்தான். அம்மா கேசரி கிண்டி லைன் முழுக்கக் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

போன மாதம் அண்ணன் மகள், "அத்தை முடிக்கலையா?" என்று கேட்டாள். "உங்க அத்தை ரெண்டு பாலம் தாண்டுனாலே பெருசு" என்றான் அவன். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போனேன். அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"விடு கண்ணு, அவன் கெடக்கறான். நீதான மொதல்ல முடிச்ச. வாணமெல்லாம் வெடிச்சுதே, நான் பாத்தனே" என்றார், வெகு சாதாரணமாக.

"அப்புறம் ஏம்மா அன்னிக்கிச் சொல்லல?"

"அத்தன பசங்க முன்னாடி அவன் மூஞ்சி சுண்டிப் போயிருமில்ல."

"என் மூஞ்சி?"

"நீ தாங்கிக்குவேன்னு தெரியும் கண்ணு" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.