காப்பிக் கடைச் சுவரில் அம்மா

வீடியோ கேம்களில் பின்னால் ஓடும் இசைக்கு நானாக அட்டைப்படம் செய்வது என் பொழுதுபோக்கு. போனில் ஒரு பாட்டை ஓடவிட்டால் சதுரமாக ஒரு படம் வருமே, அதுதான். பதுளையில் ஓர் அச்சகத்தில் வேலை. பகலெல்லாம் கலியாணப் பத்திரிகையும் மரண அறிவித்தலும் வடிவமைப்பேன். சாப்பாட்டு நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் என் படங்கள். கம்பனிகள் போடும் படங்களில் எப்போதும் வாளோடு ஒருவன் நிற்பான். இசையோ வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கும். அந்த எரிச்சலில் தொடங்கிய பழக்கம்.

ஒரு விளையாட்டில் ஒருத்தி தனியாக மலை ஏறிக்கொண்டே இருப்பாள். அதன் இசையைக் கேட்டபோது அம்மாதான் நினைவுக்கு வந்தார். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மழை நாளொன்றில் அவருக்குத் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்த போட்டோவை வைத்து வரைந்தேன். தலையில் கயிறு மாட்டிய கூடை, நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிய கிழிந்த படங்கு, எதிரே உச்சியில் அந்த விளையாட்டில் வரும் இடிந்த கோபுரம். இசை ரசிகர்களின் தளமொன்றில் போட்டேன். எங்கெங்கிருந்தோ ஆட்கள் நல்ல வார்த்தை எழுதினார்கள். அம்மா பார்த்துவிட்டு, "மூஞ்சிய விட்டுட்டு முதுக வரஞ்சிருக்க" என்று மட்டும் சொன்னார்.

போன வருடம், கூட வேலை செய்யும் பெண் சுற்றுலாக்காரர்கள் கூடும் எல்லவுக்குப் போய்வந்து ஒரு செல்ஃபி காட்டினாள். அவளுக்குப் பின்னால் காப்பிக் கடைச் சுவரில் ஆளுயரத்துக்கு என் படம். கோபுரம் இல்லை. மழை இல்லை, நீல வானம். படங்கை அழித்துவிட்டு அம்மாவுக்குச் சிவப்புச் சேலை கட்டியிருந்தார்கள். மேலே ஆங்கிலத்தில் ‘சொர்க்கம்’ என்று எழுதியிருந்தது. திருடியதைக்கூடப் பொறுத்திருப்பேன். அம்மாவைச் சலவை செய்து மாட்டியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லவுக்குப் பஸ் ஏறினேன். "நானும் வர்றேன்" என்று அம்மாவும் வந்தார்.

கடையின் மேனேஜர் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்து ஆள். மரியாதையாகத்தான் பேசினார்.

"நெட்ல கெடந்துச்சு தங்கச்சி. மொதலாளிதான் பிரிண்ட் எடுக்கச் சொன்னாரு."

"அது நான் வரஞ்சது. அதுல இருக்கிறது எங்க அம்மா. இந்தா நிக்கிறாங்க."

போனில் என் படத்தைக் காட்டினேன். அதிலிருந்த விளையாட்டின் பெயரை அவர் மெதுவாக வாசித்தார்.

"இது யாரோ போட்ட மியூசிக்குக்குத்தானே செஞ்சிருக்கீங்க? அவங்ககிட்ட நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நான் அதை வைத்து ஒன்றும் விற்கவில்லை, யாரையும் துடைத்து அழிக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாதான் பேசினார். "தம்பி, உங்க அம்மாவும் கொழுந்துதானே எடுத்தாங்க?"

"ஆமாங்கம்மா."

"அவங்கள இப்புடி மாட்டுவீங்களா?"

அதற்குள் வெள்ளைக்கார ஜோடியொன்று வந்து, படத்தின் முன்னால் போட்டோ எடுக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று கையைக் காட்டியது. அம்மா உடனே தள்ளி நின்றார். பழக்கம். அவர் அப்படித் தள்ளி நின்றதைப் போல வேறெதுவும் அன்று எனக்குக் கோபமூட்டவில்லை. ஜோடியின் மேல் கோபமா, அம்மாவின் மேலா என்றுகூடப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீடு வரைக்கும் அவரோடு பேசவில்லை.

அடுத்த வாரம் மேனேஜர் போன் பண்ணினார். "மொதலாளிகிட்ட பேசி எறக்கிட்டேன் தங்கச்சி." நன்றி சொன்னேன். நம்பாமல், அடுத்த மாதம் தனியாகப் போய்ப் பார்த்தேன். இறக்கித்தான் இருந்தார். அதே இடத்தில், அதே அளவில், வேறொரு பெண்ணின் முதுகு. மஞ்சள் சேலை.

"இவங்க யாரு?"

"தெரியாதுங்க. இதுவும் நெட்ல எடுத்ததுதான்."

"தெரியாமலேயா மாட்டுனீங்க?"

"உங்க அம்மாவத்தான் எறக்கியாச்சே. இதுக்கு ஏன் கோவப்படுறீங்க?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அந்தப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு வந்தேன். மலையகத்து ஆட்கள் இருக்கும் பேஸ்புக் குழுக்களில், இது யாருடைய அம்மா என்று கேட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அழகான படம் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். யாரென்று ஒருவரும் இன்னும் சொல்லவில்லை.