வால்வு போன ரேடியோ

வங்காளதேசச் சண்டை நடந்தபோது எங்கள் வெலிங்டன் வீட்டுக்குள் வந்த பேப்பரில் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை இருக்கும். சண்டைக் காலத்தில் சர்க்கார் செய்திகளைத் தணிக்கை செய்யும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அடேயப்பா, ஊரிலுள்ள பேப்பரையெல்லாம் வெட்ட டெல்லியில் எத்தனை கத்தரிக்கோல் வேண்டும் என்று மலைத்துப்போனேன். வெட்டியது எங்கள் பெரியப்பா. பட்டாள கேம்ப்பில் சிவிலியன் கிளார்க்கான அவர், பேப்பரை வாசலிலேயே படித்து, வேண்டாததைக் கத்தரித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்.

எல்லாம் சித்திக்காக. பட்டாளத்தில் இருந்த சித்தப்பா மேற்கு எல்லைக்குப் போயிருந்தார். சண்டை தொடங்கியதிலிருந்து கடுதாசி இல்லை. ரேடியோவோ தினமும் ‘நம் தரப்பில் சேதம் சொற்பம்’ என்றது. நாங்கள் கைதட்டினோம்.

"அந்தச் சொற்பத்துல அவரு இருந்தா என்னங் மாமா பண்றது?" என்று பெரியப்பாவைக் கேட்டாள் சித்தி.

மறுநாளே ரேடியோவுக்கு வால்வு போய்விட்டது. கோயமுத்தூரிலிருந்து வர வேண்டுமாம். எனக்குச் சினிமாப் பாட்டுப் போச்சே என்று ஆத்திரம். பெரியப்பா அதைத் தன் அறைக்குத் தூக்கிப்போனார். தினமும் வேலைவிட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ரிப்பேர் பார்ப்பார். உள்ளே கரகரவென்று என்னவோ கேட்கும். வெளியே வந்து சித்தியின் முகத்தைப் பார்க்காமல், "வால்வு இன்னும் வரலீம்மா" என்பார்.

டீக்கடையில் மட்டும் சிங்கம். யாரோ எதிரி நாட்டு ரேடியோவைத் திருப்பினார்கள் என்று ஒருநாள் அவர் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது. "அவன் வாயத் தொறந்தாலே பொய்யி! அதைக் கேக்கறவன் தேசத்துரோகி!"

சண்டை முடிந்தது. பஜாரில் பட்டாசு வெடித்தார்கள். அப்போதும் கடுதாசி வரவில்லை. சித்தி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு சாயங்காலம் பெரியப்பாவின் கதவு படாரென்று திறந்தது. தலையில் கம்பளியோடு ஓடி வந்தார்.

"உசுரோட இருக்கறான்ம்மா! புடிச்சு வெச்சிருக்கறானுங்களாம். அவன் பேரு, எங்கப்பன் பேரு, ஊரு, அத்தனையும் சரியாச் சொன்னான்!"

"ஆருங் மாமா சொன்னது?"

பெரியப்பா கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவனுங்க ரேடியோலதான்."

"அவன் வாயத் தொறந்தாலே பொய்யின்னீங்களே!" என்றாள் சித்தி.

"இது நெசம் சாமி. நெசமாத்தான் இருக்கோணும்" என்றவர் குழந்தையாட்டம் அழுதுவிட்டார். சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அம்மா எல்லார் வாயிலும் வெல்லத்தைத் திணித்தாள். வீட்டு மனிதன் எதிரியிடம் சிக்கிக்கொண்டதற்கு இனிப்புத் தின்ற குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"அப்ப வால்வு?" என்றேன் நான். அம்மா என் வாயில் இன்னொரு துண்டைத் திணித்தாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். இத்தனை நாளும் கதவைச் சாத்திக்கொண்டு இந்த மனுஷர் தனியாகப் பாட்டுக் கேட்டிருக்கிறாரே! வாயில் வெல்லத்தோடு அவருடன் காய் விட்டேன்.

சித்தப்பா அடுத்த வருஷம் இளைத்துப்போய் வந்து சேர்ந்தார். நானும் காயைப் பழமாக்கிக்கொண்டேன். ஆனால் அந்தக் கம்பளிக்குள் பெரியப்பா அன்றாடம் கேட்டதெல்லாம் எதிரியிடம் பிடிபட்ட யார் யார் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களோ என்பதும், தம்பி பெயர் வராமல் முடிந்த ஒவ்வொரு சாயங்காலமும்தான் வெளியே வந்து வால்வு வரவில்லை என்றார் என்பதும் எனக்கு அப்போது எங்கே தெரிந்தது?