மழையில் நின்று போட்ட மலைப்பாதை

யுத்தத்தில் நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை, கடப்பாரை பிடித்தவன். அஸ்ஸாம் மலைகளில் பட்டாளத்துக்கு ரோடு போட்ட கூலிப்படையில் மூன்று வருஷம் இருந்தேன். கடைசி வருஷம் எனக்குக் கீழே அறுபது பேர். திரும்பி வந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கிட்டங்கி வேலையில் சேர்ந்தபோது, மலையைப் பற்றி இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் அது சரிதான்.

மலைவேலைக்கு என்னைக் கூப்பிட்டவர் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி ஒருவர். திருநெல்வேலி ரஸ்தாவில், வல்லநாட்டுப் பக்கம் ஒரு பாறை மலை. உச்சியில் ஒரு சுனை, அதன் கரையில் சின்னக் கோயில். ஆடி மாதம் சனம் ஏறும். பாதை என்று ஒன்றும் இல்லை. ஆடு போன தடத்தில் ஆள் போகும். அந்த வருஷம் ஆடியில் அண்ணாச்சியின் சம்சாரம் பாதி மலையில் சரளை வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. கட்டிலில் கட்டித்தான் கீழே இறக்கினார்கள். ஆவணியில் அண்ணாச்சி கிட்டங்கிக்கே வந்தார். கூலிக்கு ஆள் பிடித்துப் படி கட்டிவிடலாமே என்றேன். அப்படிக் கட்டினால் அடுத்த மழைக்கு யார் போய்ப் பார்ப்பார்கள் என்று கேட்டார். தாங்களாக வருகிறவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுங்கள், அவர்கள் கட்டட்டும், அவர்களே வருஷாவருஷம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். எனக்கு அது பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற கரி பஸ்ஸில் இருபத்திரண்டு பேர் வந்து இறங்கினார்கள். கடைச் சிப்பந்திகள், மில் ஆட்கள், உப்பளத்துப் பெண்கள் நான்கு பேர், பிறகு ஒரு தோணித் தண்டல். அண்ணாச்சியின் சரக்கைக் கொழும்புக்குக் கொண்டுபோகிற தோணியை ஓட்டுகிறவர். கத்தோலிக்க வேதக்காரர். முதல் பூசை கண்டுவிட்டு நேராக வந்திருந்தார். கோயிலுக்குப் போகிற பாதையாயிற்றே என்று யாரோ இழுத்ததற்கு, "வழிக்கு ஏதுலே வேதம்?" என்றார்.

முதல் நாள் நான் ஒருவரையும் கருவியைத் தொடவிடவில்லை. மூன்று தடவை ஏறி இறங்கச் சொன்னேன். எங்கே கால் வழுக்குகிறது, எங்கே கை தானாகப் பாறையைத் தேடுகிறது, எங்கே மூச்சு வாங்கி நிற்கிறோம் என்று பார்த்துவைக்கச் சொன்னேன். இரண்டாம் வாரம் கல். கல்லைத் தூக்குகிறவன் இடுப்பைக் கெடுத்துக்கொள்வான், புரட்டுகிறவன்தான் வேலைக்காரன் என்று காட்டிக் கொடுத்தேன். படிக்கல்லில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகவேண்டும். போட்ட ஆளே அதன் நான்கு மூலையிலும் ஏறி நின்று அசைத்துப் பார்க்கவேண்டும். ஒரு மூலை ஆடினாலும் பிடுங்கி மறுபடி போடவேண்டும். ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளை ஒருவர் ஒரே கல்லை ஒன்பது தடவை போட்டார். உள்ளங்கை பழுத்துவிட்டது. அடுத்த ஞாயிறு துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். இந்தக் கூட்டம் தேறிவிடும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது.

தண்டல் கயிற்று வேலையில் என்னையே அசத்தினார். கடலைத் தவிர வேறொன்றும் அறியாதவர். செங்குத்தான இடத்தில் கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனால் பாறை முளையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நாலு ஆள் புரட்டுகிற கல்லை ஒற்றை ஆளாகப் பிடித்து, பூப்போல இறக்கிவைத்தார். அதிலிருந்து கயிறு அவர் பொறுப்பு.

புரட்டாசி முடிவதற்குள் பாதி மலை ஏறிவிட்டோம். யாரும் குறுக்கே ஏறி மண்ணைக் கரைக்காமல் இருக்க, பழைய ஆட்டுத்தடத்தையெல்லாம் உடைமுள் வெட்டிப் போட்டு அடைத்தோம். அண்ணாச்சியின் சம்சாரம் விழுந்த ஓடைப் பள்ளத்துக்கு வந்தபோதுதான் தண்ணீரைப் பற்றி ஒரு பேச்சு வந்தது.

பள்ளத்தை ஒட்டிப் பத்துப் படி, அதன் மேல்பக்கம் ஒரு வடிகால் என்று நான் குறி போட்டிருந்தேன். உப்பளத்துப் பெண்களில் ஒருத்தி, முப்பது வயதிருக்கும், ஆறுமுகநேரியில் பிறந்து பாத்தி வேலையிலேயே வளர்ந்தவள், தூத்துக்குடி அளத்தில் வேலை. என் குறியைப் பார்த்தபடி நின்றாள்.

"மேஸ்திரி, தண்ணி இங்கன எறங்காது. அங்கன, பாறையில கறுப்புக் கோடு இருக்குல்லா, அது வழியாத்தான் வரும்."

மாதக்கணக்கில் மழை பெய்கிற தேசத்தில் ரோடு போட்டவன் நான் என்றேன். அவள் மண்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் குறி போட்ட இடத்திலேயே படி கட்டினோம். பத்துக் கல்லின் மேலும் நானே ஏறி நின்று அசைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆடவில்லை.

ஐப்பசியில் அடைமழை. மூன்று நாள் கழித்து வெறித்ததும் தண்டலும் நானும் மட்டும் போய்ப் பார்த்தோம். கீழே போட்ட படியெல்லாம் அப்படியே இருந்தது. ஓடைப் பள்ளத்தில் பத்துப் படியில் எட்டைக் காணோம். என் வடிகாலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தண்ணீர் அந்தக் கறுப்புக் கோடு வழியாக இறங்கி, படிக்கு அடியிலிருந்த மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. தண்டல் என் முகத்தைப் பார்க்காமல் பீடி பற்றவைத்தார். எனக்குக் காது சுட்டது. அஸ்ஸாமில் ஒரு பாலமே போனபோதுகூட அப்படிச் சுட்டதில்லை.

அடுத்த ஞாயிறு எல்லாரையும் அந்தப் பள்ளத்துக்குக் கூட்டிப்போனேன். இந்தப் பெண் சொன்னதை நான் கேட்கவில்லை, அதனால் எட்டுப் படி போச்சு என்று சொன்னேன். பிறகு அவளைப் பார்த்து, "நீ சொல்லு தாயி, என்ன செய்யணும்?" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் பாறை இடுக்குக்கு ஓடத் திரும்பினார்கள்.

"ஓடாதிய," என்றாள் அவள். சத்தம் போடவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "இப்பந்தான் பாக்கணும். தண்ணி எங்கன போவுதுன்னு நின்னு பாருங்க."

சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு அத்தனை பேரும் நின்றோம். அரை மணி நேரம் இருக்கும். முதலில் பாறை முழுக்க ஈரம். பிறகு நூல் நூலாகத் தண்ணீர். பிறகு அந்த நூலெல்லாம் ஒன்று சேர்ந்து கறுப்புக் கோட்டில் விழுந்தது. அவள் குச்சியால் மண்ணில் ஒரு கீறு கீறினாள். பாத்திக்கு மடை திறக்கிற மாதிரி தண்ணீர் அதில் திரும்பி ஓடியது. தண்ணீரை மறிக்க வேண்டாம், பாதையைக் குறுக்கே வெட்டி அது போவதற்கு வழி விட்டால் போதும் என்றாள். அளத்தில் வரப்பு உடைகிற இடமெல்லாம் மறித்த இடம்தானாம்.

பாதையில் ஓர் ஆழமில்லாத பள்ளம் வெட்டி, தட்டைக் கல் பாவினோம். தண்ணீர் அதன் மேலே போகும், ஆளும் அதன் மேலே போவான். ஒரு மில் ஆள் மட்டும், பொம்பளை சொல்லியா கல் போடவேண்டும் என்று முனகினான். கல்லுக்கு நான் மேஸ்திரி, தண்ணிக்கு அவள் மேஸ்திரி, இஷ்டமில்லை என்றால் மத்தியானப் பஸ் இருக்கிறது என்று சொன்னேன். அவன் போகவில்லை. தை மாதத்தில் மடை வெட்டுவதில் அவன்தான் அவளுக்கு முதல் கையாள்.

அடுத்த ஆடிக்குள் பாதை முடிந்தது. அண்ணாச்சியின் சம்சாரம் கம்பு ஊன்றி உச்சிவரை ஏறினார்கள். ஓடைப் பள்ளத்தில் கொஞ்சம் நின்று அந்தத் தட்டைக் கல்லைப் பார்த்துவிட்டு, மேலே போனார்கள். எங்கள் ஆட்கள் புரட்டாசியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை தவறாமல் போய் வண்டல் வாரி, ஆடின கல்லைப் பிடுங்கி மறுபடி போட்டார்கள். நான் போகாத வருஷமும் வேலை நடந்தது.

பிறகு கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டத்தார் கடுதாசி போட்டார்கள். அவர்கள் மலைக்கும் பாதை வேண்டும், ஆட்கள் தயார், சொல்லிக்கொடுக்க வரமுடியுமா என்று. நானும் தண்டலும் அவளும் போனோம். பங்குனி வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அங்கே நாற்பது பேர் மண்வெட்டியும் கடப்பாரையுமாக நின்றார்கள்.

அவள் மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். "இதெல்லாம் கீழ வைங்க. ஊர்ல எத்தன கொடம் இருக்கோ அத்தனையும் எடுத்துட்டு வாங்க" என்றாள். நாற்பது பேரும் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து மேலே ஏறினார்கள். பாறைத் தலையில் கொட்டி, அது இறங்குகிற வழியைப் பார்த்துக்கொண்டே கூட இறங்கினார்கள். மத்தியானத்துக்குள் அந்த மலையில் எங்கெங்கே தண்ணீருக்கு வழி விட்டுப் பாதை போடவேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் கல் பொறுக்கக் கிளம்பினேன்.