சீடார் பலகையில் பாம்புக்கு ஒரு வீடு

குவேக்கர்ஸ் ஹில்லில் நான் இருக்கும் அறை, கார் விடும் கராச்சுக்குள் பலகை அடித்து மறித்த இடம். கதவு உண்டு. யன்னல் இல்லை. வீடு, நான் அன்ரி என்று கூப்பிடும் ஒரு அம்மாவுடையது. படகில் வந்தவனுக்கு அறை கொடுக்கப் பலர் யோசித்த நேரத்தில் அன்ரி யோசிக்காமல் தந்தார். அதனால் அவர் சொல்லுக்கு நான் மறுப்புச் சொல்வதில்லை.

அன்ரியின் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஒருநாள் பாம்பு ஒன்றை வாங்கிவந்தாள். மலைப்பாம்பு இனம், கைத்தடி அளவு தடிப்பு. விஷம் இல்லை. ஹோலில் ஒரு கண்ணாடித் தொட்டியில் விட்டாள். அதை வளர்க்க அரசாங்க லைசென்ஸ் வேண்டுமாம், எடுத்திருந்தாள். வருடக்கணக்கில் செல்லும் லைசென்ஸ். என் விசாவைவிட நீளம்.

முதல் வாரம் அன்ரி ஹோல் பக்கமே வரவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமை முழுகி, திருநீறு பூசி, தொட்டிக்கு முன்னால் கைகூப்பி நின்றார்.

"தம்பி, ஊரில நாகதம்பிரான் கோயிலுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைச்சிட்டு மறந்துபோனன். கடல் தாண்டி வந்து ஞாபகப்படுத்துறார்."

"இது இங்கத்தையப் பாம்பு அன்ரி. கடல் தாண்டேல்லை."

"நீர் தாண்டி வந்தனீர்தானே. அவருக்கு ஏலாதோ?"

கேட்டுவிட்டு அன்ரி கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"படம் எடுக்காதோ?"

"இந்தச் சாதி எடுக்காதாம். பிள்ளை சொன்னவ."

"எடுப்பார். கொஞ்சம் பழகட்டும்."

பாம்பு ஒளிந்து படுக்க மகள் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தாள். பாம்புக்கு அது போதுமாக இருந்தது. அன்ரிக்குப் போதவில்லை. தம்பிரான் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடப்பதா?

மகள் ஒரு வாரம் மெல்பேர்ண் போனாள். அங்கே ரோவிலில் சித்தி வீடு. போகும்போது என்னிடம் சொன்னாள்:

"அங்கிள், தண்ணி மட்டும் சேஞ்ச் பண்ணுங்கோ. வேற ஒண்டும் டச் பண்ண வேண்டாம், ஓகே?"

"ஓம்" என்றேன்.

அவளுடைய கார் தெருமுனை திரும்பமுன் அன்ரி சொன்னார்: "தம்பி, நீர் மரவேலைக்காரன். கோயில் மாதிரி ஒரு வீடு செய்து தாரும்."

அதற்கும் ஓம் என்றேன்.

எனக்கு அலுமாரி செய்யும் பட்டறையில் வேலை. மரம் தெரியும் என்று எனக்கு ஒரு எண்ணம். வெளிவேலி அடிக்கும் பச்சை நிறப் பைன் வேண்டாம், அதில் மருந்து ஏற்றியிருக்கும். தூள் பலகை தண்ணீர் பட்டால் ஊதும். கழிவுப் பெட்டியில் சிவப்புச் சீடார் துண்டுகள் கிடந்தன. மூடியைத் திறந்தாலே வாசம் ஊரைக் கூட்டும். பூச்சி அண்டாத மரம். பூச்சி அண்டாவிட்டால் நல்ல மரம்தானே என்று எடுத்தேன். பூச்சி ஏன் அண்டுவதில்லை என்று யோசிக்கவில்லை.

மூன்று தட்டுக் கோபுரம். வளைந்த வாசல். தம்பிரான் படம் எடுத்தால் தலை முட்டாத உயரம். மினுக்கத்துக்கு இரண்டு பூச்சு வார்னிஷ். அன்ரி வாசலில் மஞ்சள் பூசி, உள்ளே மூலையில் இரண்டு கட்டி கற்பூரம் வைத்தார். சப்பாத்துப் பெட்டி குப்பைக்குப் போனது.

பாம்பு ஒருநாள் உள்ளே படுத்தது. மறுநாள் வெளியே வந்து தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டது. பிறகு கோயில் பக்கம் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து, "கிர்... கிர்..." என்றது.

"தம்பிரான் படம் எடுக்கப்போறார்!" அன்ரி டெலிபோனை எடுத்தார்.

மத்தியானத்துக்குள் லிட்கமிலிருந்து இரண்டு அன்ரிமார் வந்துவிட்டார்கள். ஒருவர் முட்டை. ஒருவர் பால். பாலைத் தொட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தொடுறாரே இல்லை."

"கொழுப்புக் கூடின பாலோ என்னவோ. லோ ஃபற் வைச்சுப் பாருங்கோ."

"சாமிக்கும் கொலஸ்ட்ரோலோடி?"

சிரித்தார்கள். பாம்பு வாயை மூடவில்லை.

நான் பின்னால் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். எனக்குத் தெரிந்த சத்தம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மூடின கொட்டிலுக்குள் மாஸ்க் இல்லாமல் வார்னிஷ் அடித்தேன். என் நெஞ்சும் இப்படித்தான் கிர்ரென்றது. அப்போது யாரும் பால் கொண்டுவரவில்லை.

தொட்டியின் மூடியைத் திறந்தேன். கோயிலைத் தூக்கினேன்.

"தம்பி! கை வைக்காதையும்!"

"படம் இல்லை அன்ரி. மூச்சு முட்டுது."

"உமக்குப் பாம்பைப் பற்றி என்ன தெரியும்?"

"பாம்பு தெரியாது. வார்னிஷ் தெரியும்."

அன்ரியின் முகம் கறுத்தது. அதுவும் விருந்தாளிகளுக்கு முன்னால். அறை போனால் போகட்டும் என்று துணிந்தேன் என்று எழுதினால் பொய். போகக்கூடாது, போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் தூக்கினேன். கோயிலை முற்றத்தில் வைத்துவிட்டு மகளுக்கு டெலிபோன் அடித்துச் சொன்னேன்.

"என்ன மரம் அங்கிள்?"

"சீடார்."

பிறகு ஒரே இங்கிலிஷ். எனக்கு விளங்கியது இவ்வளவு: எல்லா யன்னலையும் திற, மிருக டொக்டரிடம் இப்போதே கொண்டு போ.

தலையணை உறைக்குள் பாம்பை விட்டு, உறையின் வாயைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டேன். அன்ரிதான் கார் ஓட்டினார். கார்க் கண்ணாடியில் பார்த்தேன், வழி முழுக்க அவர் வாய் முணுமுணுத்தது. என்னைத் திட்டினாரா, தேவாரமா, தெரியாது.

டொக்டர் ஊசி போட்டார். நெஞ்சு அடைத்துவிட்டது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் செத்திருக்கும் என்றார். வாசமுள்ள மரம் ஆகாது. சீடாரும் பைனும் ஆகவே ஆகாது. வார்னிஷும் கற்பூரமும் நஞ்சு. பிளாஸ்டிக் நல்லது, சுட்ட மண் நல்லது. உயரம் தேவையில்லை, உடம்பு நாலு பக்கமும் முட்டினால்தான் பாம்புக்குப் பயம் போகும். சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று, இரண்டு வீடு வேண்டும். காற்றோட்டம் முக்கியம். காற்று ஓடாத இடத்தில் ஒரு உயிரை வைக்கக்கூடாது என்று கோபமாகச் சொன்னார்.

அன்ரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அன்ரி ஃப்றீசரில் இருந்து இரண்டு ஐஸ்கிறீம் டப்பாவை எடுத்தார். இந்த வீட்டு ஐஸ்கிறீம் டப்பாவில் ஐஸ்கிறீம் இருந்து நான் கண்டதில்லை. கணவாய்க் கறியை வேறு பாத்திரத்தில் கொட்டி, கழுவித் தந்தார். நான் ஓட்டை போடும் வட்டவாளால் வாசல் வெட்டி, உடம்பு கிழிக்காதபடி விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கவிழ்த்து வைத்தேன். பாம்பு சூட்டுப் பக்கத்து டப்பாவுக்குள் போய் வாலையும் இழுத்துக்கொண்டது. பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று தட்டுக் கோபுரத்துக்கு நான் இரண்டு இரவு மினக்கெட்டேன்.

மெல்பேர்ணிலிருந்து வந்த மகள், பாம்பு எலி தின்னும்வரை என்னோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் தின்றது. அன்ரி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு "சாப்பிட்டவரோ?" என்றார்.

"சாப்பிட்டிட்டார்" என்றேன்.

கோயில் இப்போது சாமியறையில் இருக்கிறது. உள்ளே பித்தளை நாகம். அதற்குப் பால் வைத்தாலும் பரவாயில்லை, கற்பூரம் வைத்தாலும் பரவாயில்லை.

அன்று டப்பா வெட்டி முடிந்து வட்டவாளைத் துடைத்து வைக்கும்போது அன்ரியிடம் கேட்டேன்.

"அன்ரி, என்ர அறைச் சுவரிலையும் ரெண்டு ஓட்டை போடட்டோ?"

"ஏன் தம்பி, இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

"போடும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பெரிசாய்ப் போடும்" என்றார்.