நான்கு மூலையிலும் என் பெருவிரல்

"உனக்கு வேறை சோலியே இல்லையோ, பிள்ளை? கிழவி கொஞ்சம் ஆறுதலா இருக்கிறதைக் கண்டால் பொறுக்காதே? அச்சுக்கூடத்திலை நான் வெட்டிக் கிழிச்சதை அறிஞ்சு என்ன செய்யப் போறாய்? அந்தப் பேனையை இஞ்சை தா. நீ எழுதினால் என்னை நல்லவளாக்கிப் போடுவாய்."

பேத்தியை இப்படி ஏசிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒரு வேலை வேண்டாமா?

எழுபதுகளில் மெல்பேணில், கிளேட்டன் பக்கத்து அச்சகம் ஒன்றில் எனக்குத் தாள் மடிக்கிற வேலை. நாள் முழுக்க நின்றபடிதான் மடிக்க வேண்டும். எனக்கு நேரெதிரே, கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மேசை. வருகிற வேலைகளுக்கெல்லாம் பொறுப்பான பெண் அங்கே இருப்பாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெரிய கடதாசிப் பை. எத்தனை பிரதி, என்ன மை, என்றைக்கு வேண்டும் என்று பையில் எழுதி, மூலப்பிரதியை உள்ளே வைத்து, படம் பிடிக்கிற கமராக்காரனிலிருந்து தாள் வெட்டுகிறவன் வரைக்கும் அந்தப் பையைத் துரத்திக்கொண்டு திரிவதுதான் அவள் வேலை. அவள் பிள்ளை பெறப் போனாள், இடம் காலியானது. அந்த வேலையில் எனக்கு ஆசை என்று நினைக்காதீர்கள். ஆசையெல்லாம் அங்கே கிடந்த கதிரையில்தான். சக்கரம் பூட்டிய கதிரை. இருந்தபடியே ஒரு சுற்றுச் சுற்றலாம்.

எங்களை மேய்க்கிற போர்மனிடம் போய் அந்த இடத்தைக் கேட்டேன். அவர் பேசியது இங்கிலீசு. எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன்.

"உனக்கு இங்கிலீசு எழுத வருமோ?"

"இலக்கம் வரும். மிச்சத்துக்கு வாய் இருக்கு."

"வாய் இருக்கிறது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சரி, நீயே ஒரு வேலை கொண்டுவா. துவக்கத்திலையிருந்து முடிவுமட்டும் நீயே பார். சரிவந்தால் கதிரை உனக்கு. பிழைச்சால் பென்சன் எடுக்குமட்டும் நிண்டு மடி."

எங்கள் தெருவில் ஒருவர் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார். ஊரில் வாத்தியாராக இருந்தவர். அவரிடம் போய் முந்நூறு கலியாணக் காட் அடிக்கிற வேலையைப் பிடித்தேன். அச்சகத்தில் தமிழ் எழுத்து ஏது? அவரே வெள்ளைத் தாளில் முத்து முத்தாக எழுதித் தந்தார். அதை அப்படியே படம் பிடித்து அடிப்பதென்று ஏற்பாடு.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருவன், தங்கச்சி. சனி காலமை தபாலிலை போடவேணும். சுணங்கினால் சிட்னிச் சனம் தாலி கட்டி முடிஞ்சபிறகுதான் வந்து நிக்கும்."

"நீங்கள் யோசிக்காதேங்கோ, அண்ணை."

மறுநாள் காலையில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டவளுக்கு ஒரு யோசனை வந்தது. கலியாணக் காட் மஞ்சள் படாமல் வீட்டை விட்டுப் போகலாமோ? குசினிக்குள் போய் மஞ்சளைக் குழைத்து, பெருவிரலால் நான்கு மூலையிலும் வைத்தேன். பிள்ளையாரை நினைத்து நல்லாய் அழுத்தி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு முந்நூறு காட்டும் என் மேசைக்கு வந்தன. சிவப்பு மை, அழகான எழுத்து. நான்கு மூலையிலும் சிவப்பாய் நான்கு பெருவிரல். ரேகை எண்ணலாம். கலியாண வீட்டுக் காட்டோ, கொலை நடந்த வீட்டுக் கதவோ என்று எனக்கே சந்தேகம்.

பிறகுதான் விளங்கியது. அந்தக் கமராவுக்கு மஞ்சளும் கறுப்பும் ஒன்று. அதற்குக் கறுப்பாய்த் தெரிந்ததெல்லாம் மை பிடிக்கும். இளநீலம் மட்டும் அதன் கண்ணில் படாது; அதனால்தான் அங்கே எல்லாரும் இளநீலப் பென்சிலால் குறி போட்டார்கள். மஞ்சளோடு வந்த முதல் ஆள் நான்.

காட்டை ஒளிக்க இடம் தேடுகிறேன், போர்மன் பின்னால் நிற்கிறார்.

"மூலையிலை இருக்கிற அலங்காரம் வலு வடிவு! உங்கடை ஆக்களின்ரை வழக்கமோ? ஒரு கோடும் அழியக்கூடாதெண்டு மெசின்காரனுக்குச் சொன்னனான். உனக்குக் கதிரை நிச்சயம்."

'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். கதிரை கண்ணாடிக்குள் இருந்து என்னையே பார்த்தது. ஆனால் அந்தக் கலியாணப் பெட்டை ஆயுள் முழுக்க ஆல்பத்தில் வைத்திருக்கப் போகிற காட். அதில் அவளுடைய பெயருக்குக் காவலாக என் விரலோ? பெருவிரலை நீட்டினேன்.

"அலங்காரமில்லை. இதுதான்."

அவர் காட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், திரும்பவும் காட்டைப் பார்த்தார். நகத்தில் இன்னும் மஞ்சள் இருந்தது. சிரிப்புத் தாங்காமல் போய் இருந்தார். எங்கே? என் கதிரையில்.

"இப்ப என்ன செய்யப் போறாய்?"

"திருப்பி அடிக்க நேரமில்லை. சுத்திவர வெட்டுவம்."

தாள் வெட்டுகிறவன், நல்ல காட்டை ஏன் கொல்கிறாய் என்று முனகினான். அவனுக்கு என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த இரண்டு வடையையும் கொடுத்தேன். வாத்தியார் ஓரத்தில் நிறைய இடம் விட்டு எழுதியிருந்தது என் அதிர்ஷ்டம். எழுத்தில் கத்தி படாமல் விரல்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. காட் மட்டும் ரயில் சீசன் டிக்கெட் அளவுக்கு வந்து நின்றது. உறைக்குள் போட்டுக் குலுக்கினால் சத்தம் கேட்டது.

நாலு மணிக்கு வாத்தியார் வந்தார்.

"என்ன தங்கச்சி, சுருங்கிப்போச்சு? தோய்ச்சுக் காயப்போட்டனியோ?"

"எழுத்தைப் பாருங்கோ அண்ணை, ஒண்டும் சிந்தேல்லை. மஞ்சளை வீட்டை போய் நீங்களே வையுங்கோ. என்ரை கையாலை வைச்சால் ஒட்டிப்போடும்."

ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிழை இல்லை. தலையாட்டிக்கொண்டு போனார்.

போர்மன் என்னைக் கூப்பிட்டார். "பிழை விட்டது நீ. கண்டு பிடிச்சது நீ. வாய் திறந்து சொன்னதும் நீ. இஞ்சை மற்றவை இந்த மூண்டிலை முதலாவதை மட்டும்தான் செய்யிறவை. திங்கட்கிழமை கதிரையிலை இரு. ஆனால் காலமை வந்த உடனை ரெண்டு கையையும் எனக்குக் காட்ட வேணும்."

காட்டினேன். ஒரு மாதம் வரைக்கும் நாள் தவறாமல் காட்டிவிட்டு, கதிரையில் இருந்து ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் பையைத் தொடுவேன்.

காட் கிடைத்ததும் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். அவளுக்கு நாலு பெடியள், நாலும் குரங்குகள்.

"அக்கா, நீங்கள்தானே அடிப்பிச்சனீங்கள். ஏன் இவ்வளவு சின்னன்?"

"உனக்குத் தெரியாதே? இந்த நாட்டிலை சின்னக் காட் எண்டால் புருசனும் பெண்சாதியும் மட்டும்தான். பிள்ளையளோடை வரச் சொல்லுறதெண்டால் பெரிசாய் அடிப்பினம்" என்றேன்.